அயல்நாட்டுக் கல்வியும் நம் இளைஞரும்

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில், கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் எத்தனை பிள்ளைகளைப் பள்ளியிறுதி வரை கொண்டுவந்து சேர்த்தது, எத்தனை பேரைப் பட்டதாரிகளாக்கிற்று என்பதனைப் பிறர் எடுத்துரைப்பர். எங்களுக்கு அளிக்கப்பட்ட பொருள், அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்து பயில விண்ணப்பிப்பது பற்றியதாகும். "உள்ளூர்க் கல்லூரிக்குப் போய்வரவே பேருந்துக் காசு தேடுகிறோம், இலண்டனைப் பற்றி இங்கே என்ன பேச்சு?" என்று இப்பந்தலிலேயே சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நியாயமானதே. ஆயினும் அப்படி எண்ணுவோர்தாம் இவ்வுரையை முழுவதும் கேட்க வேண்டுமென்று விழைகிறோம்.

அயல்நாட்டுப் படிப்பு என்பது நம் நாமக்கல் சீமைக்குப் புதியதன்று. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயன் ஆக்ஸ்போர்டில் பயின்றவர். அவருடைய மக்களுள் பரமசிவ பிரபாகர் ஈட்டன் பள்ளியில் படித்து ஊல்விச் இராணுவக் கல்லூரிக்குச் சென்று, பின்னாளில் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். மோகன் குமாரமங்கலம் ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். மகள் பார்வதி ஆக்ஸ்போர்டில் பயின்றார். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த அதே சுப்பராயனின் அமைச்சரவைக் காலத்திலேதான், எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால், அரசுப் பணிகளில் நம்மவர்க்கும் ஓரிடம் ஒதுக்கும் வகுப்புவாரி ஆணை நடைமுறைக்கு வந்தது. நாம் சொல்ல வருவது வேறு. அவ்வீட்டுப் பிள்ளைகள் கப்பலேறிய அதே காலத்தில், அதே மண்ணிலிருந்து நம் முன்னோரும் கப்பலேறினர் என்பதுதான்.

சேலம், திருச்சி மாவட்டங்களின் சேரிகளிலிருந்து இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழிவந்தோர் இன்றும் மலையகத்தில் வாழ்கின்றனர். அவர்களைக் கங்காணி திரட்டிக்கொண்டு போனான். முன்பணம் கடனாயிற்று. அக்கடனைக் குறித்து எழுதப்பட்ட தாளுக்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குப் போக வேண்டுமாயின், துண்டில் கண்ட கடனைப் புதிய துரை தீர்த்தாக வேண்டும். தொழிலாளி அத்தாளின் எழுத்தை வாசித்தறியான்; அதில் ஏறியிருந்த தொகை மட்டும் அவன் தலைமேல் இருந்தது. 1921-இல்தான் அம்முறை சட்டப்படி ஒழிந்தது. ஆகவே, நாம் கடல் கடந்தது உண்டு. பிறர் எழுதிய தாளின்மேல் கடந்தோம். இன்று நாம் பேசும் விண்ணப்பமும் ஒரு தாள்தான். அதனை எழுதுபவர் நீங்கள் என்பதொன்றே வேறுபாடு. அவ்வேறுபாடு மிகப் பெரிது.

அத்தகைய தாளை நமக்காக முதலில் எழுதிக் காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். அவர் கொலம்பியாவில் படித்தார், இலண்டனில் படித்தார் என்று மேடைதோறும் முழங்குகிறோம். எப்படிப் படித்தார் என்பதைச் சொல்வோர் குறைவு. 1912-இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. தேறினார். 1913 பிப்ரவரியில் தந்தை இராம்ஜி மறைந்தார். அவ்வாண்டே பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அமெரிக்கப் படிப்பிற்கென அளித்த உதவித்தொகை, மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு அவருக்குக் கிடைத்தது. ஜூன் 4-ஆம் நாள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். படித்துத் திரும்பியதும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. ஜூலையில் நியூயார்க் சேர்ந்தார். பொருளியலில் மட்டும் இருபத்தொன்பது பாடங்களை எடுத்துப் படித்தார். வரலாறு, சமூகவியல், மெய்யியல், மானிடவியல், அரசியல் ஆகியன வேறு. 1915-இல் எம்.ஏ. பட்டம். 1916 மே மாதத்தில், சாதியின் தோற்றத்தை ஆராயும் கட்டுரையைக் கருத்தரங்கில் படித்தார்.

அதன்பின் நிகழ்ந்ததே நம் இளைஞர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி. 1916-இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். அவருடைய ஆசிரியர் செலிக்மன், இலண்டனிலிருந்த பேராசிரியர் பாக்ஸ்வெல்லுக்கு இம்மாணவரைக் குறித்து ஓர் அறிமுகக் கடிதம் எழுதினார். சேர்ந்த மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பு பாதியில் நின்றது. நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்ற இசைவை மட்டும் பெற்றுக்கொண்டு தாயகம் திரும்பினார். தனியே வேறு கப்பலில் அனுப்பிய நூல்கள், ஜெர்மானிய நீர்மூழ்கி அக்கப்பலைத் தகர்த்ததால் கடலில் போயின. பரோடாவிலோ, அமெரிக்காவில் பட்டம் பெற்ற அவருக்குத் தங்க ஓர் அறை தருவாரில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்தும் தடியேந்திய கூட்டம் அவரை வெளியேற்றிற்று. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியப் பணி செய்து பணம் சேர்த்தார். அச்சேமிப்பு, நண்பர் நவல் பதேனா கடனாகக் கொடுத்த ஐயாயிரம் ரூபாய், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி ஆகிய மூன்றையும் கொண்டு 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

அண்ணலின் அறிவுக்கு ஈடில்லை. அத்தகைய அறிவுக்கே பணம் தீர்ந்தவுடன் மூன்றாண்டுகள் தடை விழுந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அத்தடையை நீக்கியவை ஒரு சேமிப்பும், ஒரு கடனும், ஒரு கொடையும். இம்மூன்றுக்கும் நம் சங்கத்தில் இன்று என்ன ஏற்பாடு இருக்கிறது? அவ்வினாவைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

கே.ஆர். நாராயணன் அவர்களின் வரலாறும் இத்தகையதே. கேரளத்து உழவூரில் வறிய குடும்பத்தில் பிறந்தவர், டாட்டா நிறுவனத்தாரின் உதவி பெற்று 1945-இல் இலண்டன் பொருளியல் பள்ளி சென்றார். திரும்புகையில் ஆசிரியர் ஹெரால்டு லாஸ்கி, நேரு அவர்களுக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். 1949-இல் வெளியுறவுப் பணி. 1997-இல் குடியரசுத் தலைவர். இங்கும் பணத்திற்கு ஒரு கை, கடிதத்திற்கு ஒரு கை.

மன்னரையும் செல்வரையும் நாட வேண்டிய காலம் போய், அரசே உதவும் காலம் வந்தது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் நடைபெற்று வருகிறது. முதுநிலைப் பட்டத்திற்கும் ஆய்வுப் பட்டத்திற்கும் மட்டுமே உரியது, இளநிலைக்கு இல்லை. அண்மை ஆண்டுகளின் விதிகள்படி இடங்கள் 125. அவற்றுள் 115 பட்டியல் சாதியினர்க்கு. எஞ்சியவை சீர்மரபினர், நிலமற்ற உழவுத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் ஆகியோர்க்கு. வயது முப்பத்தைந்துக்குள், தேர்வில் நூற்றுக்கு அறுபது, குடும்ப ஆண்டு வருமானம் எட்டு இலட்சத்திற்கு மேற்படலாகாது, சேரும் பல்கலைக்கழகம் கியூ.எஸ். தரவரிசையில் முதல் ஐந்நூற்றுக்குள் இருத்தல் வேண்டும். சேர்க்கைக் கடிதமும் நிபந்தனையற்றதாய் இருக்க வேண்டும். "ஆங்கிலத் தேர்வில் தேறினால் சேர்ப்போம்" என்று எழுதிய கடிதம் செல்லாது. இந்தச் சிறு சொல்லில் இடறியவர் பலர். 2022-இல் புகுத்தப்பட்ட மற்றொரு விதி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய படிப்புகளை இத்திட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. நியூயார்க்கில் இந்தியச் சாதியை ஆராய்ந்தவரின் வழித்தோன்றல்கள், அதே பொருளை அங்கே ஆராய இத்தொகையைப் பெற இயலாது! இவ்விதியை நீக்குமாறு வேண்டும் தீர்மானத்தில் நம் சங்கமும் கையெழுத்திட வேண்டும்.

தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை வழங்கும் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை மற்றொன்று. 2023-இல் விரிவுபடுத்தப்பட்டபின் முதுநிலைப் படிப்பிற்கும் ஆய்விற்கும் ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை வழங்க வகை செய்கிறது. நம் வட்டத்தில் இதனை அறிந்தோர் இன்னும் சிலரே. விதிகளும் தொகைகளும் ஆண்டுக்காண்டு மாறுவன. ஆதலின் அவ்வவ்வாண்டின் அறிவிப்பை வரிவரியாய்ப் படித்த பின்னரே விண்ணப்பிக்க.

உதவித்தொகையே இன்றியும் வழிகள் உண்டு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலமும் வேறு சிலவும் விலக்கு. ஆனால், ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே செலுத்திக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் ஆய்வுப் பட்டத்திற்குச் சேர்வோர்க்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே கட்டணத்தை ஏற்று மாதப்படியும் கொடுக்கிறது. அதற்கீடாக மாணவர் அங்குப் பாடம் நடத்தவோ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றவோ வேண்டும். "முதுநிலைக்கு நாற்பது இலட்சம் கடன் வாங்கினால்தான் அமெரிக்கா" என்று சேலத்திலும் கோவையிலும் கடை விரித்திருக்கும் முகவர்கள் இதனைச் சொல்வதில்லை. அவர்களுக்கு வேண்டுவது தரகுத் தொகை. மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகமே அவர்களுக்குப் பணம் கொடுக்கிறது. கொடுக்கின்ற இடத்திற்கே உங்களையும் அனுப்புவர். நல்லவர் சிலர் இருக்கலாம். எனினும் அண்ணல் எந்த முகவரையும் நாடவில்லை.

மருத்துவப் படிப்பிற்கு உருசியா, ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் என்று புறப்படுவோர்க்கு ஒரு சொல். நம் மாவட்டம் நீட் பயிற்சிக்குப் பெயர் பெற்றது; இடம் கிடைக்காதோர் அடுத்து நோக்குவது அந்நாடுகளையே. அங்கே பயின்று வருவோர் இங்கே தகுதித் தேர்வெழுதித் தேற வேண்டும். 2021 விதிகளின்படி படிப்பு ஐம்பத்து நான்கு மாதங்களுக்குக் குறையாமலும், பயிற்றுமொழி ஆங்கிலமாகவும், ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி அதே நிறுவனத்திலும் அமைய வேண்டும். வீட்டை விற்பதற்கு முன் இம்மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுக.

இனி, எங்கள் குழு மிகுதியாகக் காணும் இடர்ப்பாட்டிற்கு வருகிறோம். அது அறிவுக் குறையன்று. ஆங்கிலக் குறையும் அவ்வளவன்று. பெயர்! நம் பிள்ளைகட்குக் குடும்பப்பெயர் என்பதொன்று இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே உண்டு. பள்ளிச் சான்றிதழில் ஓரெழுத்து. சாதிச் சான்றிதழில் எழுத்தே இல்லை. ஆதார் அட்டையில் தந்தை பெயர் முழுமையாக. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஒரு பெயர், தன்பெயர்க் கட்டத்தில் மற்றொன்று. தந்தையார் பெயரோ குடும்ப அட்டையில் 'சின்னான்' என்றும், சாதிச் சான்றில் 'சின்னச்சாமி' என்றும் இருக்கும். நமக்கு அது ஒரே மனிதர். அயல்நாட்டு அலுவலருக்கு அவர்கள் இருவர். இதனால் வருமானச் சான்று திரும்பி வரும், கல்லூரிச் சான்றும் கடவுச்சீட்டும் ஒத்துப்போகா, ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்குக் கடவுச்சீட்டில் உள்ள பெயரிலேயே பதிவு செய்தாக வேண்டும். பெயரைத் திருத்த அரசிதழில் வெளியிட வேண்டி வந்தால் மாதங்கள் ஓடும். பிறந்த நாளும் அவ்வாறே. முதல் வகுப்பில் சேர்த்த நாளில் தலைமையாசிரியர் தம் விருப்பப்படி எழுதிய ஜூன் மாதத் தேதி ஒன்று. பிறப்புப் பதிவேட்டில் உள்ளது வேறொன்று.

ஆதலின் நாங்கள் வலியுறுத்துவது: கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே கடவுச்சீட்டு எடுத்துவிடுக. எடுக்குமுன் எல்லாச் சான்றுகளையும் பாயில் பரப்பி வைத்து, பெயரும் நாளும் ஒன்றுபோல் உள்ளனவா என்று பார்க்க. மாறுபட்டவற்றை இ-சேவை மையத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் திருத்திக்கொள்க. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆகஸ்டு மாதச் சேர்க்கைக்கு முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பத்தை முடித்துவிடும். ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் ஈராண்டுகளே செல்லும். பெரியார் பல்கலைக்கழகத்திலோ வேறெங்கோ மதிப்பெண் தொகுப்புச் சான்று முத்திரையிட்ட உறையில் வாங்கவும் காலம் பிடிக்கும். பின்னோக்கி எண்ணினால், புறப்படும் நாளுக்கு ஒன்றரை ஆண்டு முன்னரே வேலை தொடங்கியாக வேண்டும் என்பது விளங்கும்.

விண்ணப்பத்தோடு, 'ஏன் இப்படிப்பு' என விளக்கும் கட்டுரை ஒன்று கேட்பர். இதனை முகவரிடமிருந்து விலைக்கு வாங்கும் வழக்கம் பரவி வருகிறது. ஒரே வாசகம் ஐம்பது பேர் பெயரில் போகிறது. படிப்பவர்க்கு அது தெரியாமற் போகாது. இராசிபுரம் பக்கம் சேகோ ஆலைக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலோரம் வளர்ந்தவர், வேதியியல் படித்தவராயின், அந்நீரைப் பற்றி எழுதலாம். தாயார் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குபவராயின், பண்ணையில் பரவும் நோய் பற்றியும், அங்குள்ள காற்றைச் சுவாசிப்போர் நலம் பற்றியும் எழுதலாம். லாரிக் கூண்டு கட்டும் பட்டறையில் பற்றவைப்புப் புகை குடித்தவரின் மகனுக்கு உலோகவியலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லையா? நகரத்துப் பெருவீட்டுப் பிள்ளை நூலில் படித்து எழுதுவதை நீங்கள் கண்ணால் கண்டிருக்கிறீர்கள். வறுமையை விவரித்து இரக்கம் கோராதீர்கள். அதிலிருந்து எழுந்த வினாவை எழுதுங்கள். எளிய ஆங்கிலம் போதும். பிழையின்றி இருந்தால் சரி.

ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் இரண்டோ மூன்றோ வேண்டும். நம் பிள்ளைகள் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, வாய் திறவாமல் மூன்றாண்டுகளைக் கழித்துவிட்டு வருகின்றனர். அப்படி அமர வைத்தது எது என்பது நமக்குத் தெரியும். இருப்பினும், பெயரே அறியாத மாணவரைக் குறித்து எந்த ஆசிரியரும் ஒரு பக்கம் எழுத இயலாது. கல்லூரியில் ஓர் ஆசிரியரிடமாவது சென்று ஐயம் கேளுங்கள். ஒரு சிறு ஆய்வையாவது அவர் கீழ்ச் செய்யுங்கள். செலிக்மனின் கடிதம் வானத்திலிருந்து விழவில்லை. மூன்றாண்டு வகுப்பறையில் விளைந்தது. இங்குள்ள ஆசிரியப் பெருமக்களையும் கேட்டுக்கொள்கிறோம்: "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்திடுகிறேன்" என்று சொல்லாதீர்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி. ஒன்றிய அரசின் திட்டத்தில் மகளிர்க்கு நூற்றுக்கு முப்பது இடங்கள் உள்ளன. நம்மிடம் வருவோரோ பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். "கலியாணத்தை முடித்துவிட்டு அனுப்புவோம்" என்று சொல்லும் பெற்றோர், முப்பத்தைந்து வயது வரம்பையும் நினைவிற் கொள்க.

சென்ற இடத்தில் சாதி இராதா என்று கேட்பீராயின், நம் நாட்டவர் சென்ற இடமெல்லாம் அதனையும் உடன் எடுத்துச் சென்றுள்ளனர். அங்கே வாழும் நம்மவர் போராடியதன் பயனாக, பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இலும், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-இலும் சாதிப் பாகுபாட்டைத் தம் விதிகளில் தடை செய்தன. சியாட்டில் நகரம் 2023-இல் சட்டமே இயற்றிற்று. அதே ஆண்டில் கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவோ ஆளுநரின் மறுப்பால் வீழ்ந்தது. சேருமிடத்தின் விதியைப் படித்துக்கொண்டு செல்லுங்கள்.

முன்னர் நிறுத்தி வைத்த வினாவிற்கு வருவோம். உதவித்தொகைக்குத் தேர்வு பெறுவது ஒன்று. தொகை கையில் சேர்வது மற்றொன்று. 2025 ஜூலையில் ஒன்றிய அரசின் திட்டத்திற்கு 106 பேர் தேர்வாயினர். அவர்களுள் 40 பேருக்கே முதலில் தற்காலிக ஒப்புதல் கடிதம் வழங்கப்பட்டது. ஏனையோர்க்கு நிதி இருப்பைப் பொறுத்து வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. வகுப்புகளோ செப்டம்பரில் தொடங்குவன. அந்த இரண்டு மாதங்களில் ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில் என்ன நிகழும் என்பதை எவரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. உதவித்தொகை வருமுன்னரே தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், விசாக் கட்டணம், முன்பணம் என்று செலவுகள் வரிசையாய் நிற்கும். ஏழரை இலட்சத்திற்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கி பொதுவாக ஈடு கேட்கும். நம்மிடம் இருப்பதோ அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டா. அதனை வங்கி ஏற்பதரிது. அப்போதுதான் வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பார். துண்டுச் சீட்டு வேறு வடிவில் வீட்டிற்குள் நுழையும்.

ஆகவே எங்கள் குழு, இவ்விழாவில் சேரும் நிதியில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி, அயல்நாட்டுப் படிப்பிற்கான கைமாற்று நிதி என ஒன்றை அமைக்குமாறு பொதுக்குழுவிடம் வேண்டுகிறது. கொடையாகக் கொடுக்க வேண்டா. வட்டியில்லாக் கடனாகக் கொடுப்போம். உதவித்தொகையோ சம்பளமோ வந்தபின் திருப்பிக் கட்டட்டும். கட்டிய பணம் அடுத்தவருக்குப் போகட்டும். அரசுப் பணியில் இருக்கும் நம் உறுப்பினர்கள் மாதந்தோறும் சிறு தொகை எழுதிக் கொடுத்தால் ஆண்டுக்கு இருவர் மூவரையேனும் விசா வரை கொண்டு சேர்க்கலாம். சாகு மகராஜ் நம்முள் எவரும் இல்லை. நவல் பதேனாக்கள் பலர் இப்பந்தலில் அமர்ந்திருக்கின்றனர் என்றே நம்புகிறோம்.

பொதுக்குழு முடிவெடுக்கும்வரை காத்திராமல் ஒரு பணியை உடனே தொடங்குகிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல், சங்கக் கட்டிடத்தில் எங்கள் குழுவினர் இருவர் அமர்ந்திருப்பர். வருவோர் சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல்கள், ஆதார், குடும்ப அட்டை, கடவுச்சீட்டு இருப்பின் அதனையும் கொண்டு வருக. கட்டுரை எழுதியிருந்தால் அதன் படியும் வேண்டும். பிழை திருத்தித் தருவோம், எழுதித் தர மாட்டோம். தாயையோ தந்தையையோ உடன் அழைத்து வருவது நல்லது. பெயர் எங்கே எப்போது மாறிற்று என்பதை அவர்களிடந்தான் கேட்க வேண்டியிருக்கும்.